வேலூரும் டெல்லியும்: 1946இல் பிறந்த இரண்டு நர்சிங் கல்லூரிகள்

இந்தியாவில் நர்சிங் படிப்புக்குப் பல்கலைக்கழகப் பட்டம் என்ற ஒன்று வந்தது 1946இல்தான். அந்த ஒரே ஆண்டில் இரண்டு கல்லூரிகள் பி.எஸ்சி. நர்சிங் வகுப்பைத் தொடங்கின. ஒன்று டெல்லியில் மத்திய அரசு திறந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இன்று அதன் பெயர் ராஜ்குமாரி அம்ரித் கவுர் நர்சிங் கல்லூரி. மற்றொன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நர்சிங் கல்லூரி. அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எத்தனையோ வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு. நர்சிங் படிக்கக் கிறிஸ்தவக் கல்லூரிதான் நல்லது என்கிறார்களே, அது ஏன்? ஒழுக்கம், கண்டிப்பு, ஜெபம் என்று பக்கத்து வீட்டார் சொல்லும் பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான்கு ஆண்டுகளையும் ஒரு பெண்ணின் வாழ்நாள் வேலையையும் முடிவு செய்ய அந்தப் பதில் போதாது. ஒரே வயதுடைய இந்த இரு கல்லூரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. கிறிஸ்தவக் கல்லூரியின் உண்மையான பலம், பாடம் சொல்லித் தருகிறவரே வார்டில் கிடக்கும் நோயாளிக்கும் பொறுப்பாளியாக இருப்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. அது எப்படி வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையெல்லாம் பார்க்கச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1943இல் ஆங்கில அரசு சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த அந்தக் குழு 1946இல் அறிக்கை தந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் இருந்த நர்ஸ்கள் சுமார் 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கு. டாக்டர்களோ சுமார் 47,000 பேர் இருந்தார்கள். ஒரு டாக்டருக்குப் பல நர்ஸ்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நர்ஸுக்கு ஏறக்குறைய ஏழு டாக்டர்கள் என்று கணக்கு தலைகீழாக நின்றது.

ஏன் இத்தனை குறைவு என்பதை அந்தக் காலத்துக் குடும்பங்களைக் கேட்டால் தெரிந்திருக்கும். ரத்தமும் சீழும் மலமும் தொடுகிற வேலையைச் சாதி, தீட்டு என்று ஒதுக்கி வைத்திருந்தது. முன்பின் தெரியாத ஆண்களின் உடம்பைத் தொட வேண்டும், இரவெல்லாம் வெளியே தங்கி வேலை பார்க்க வேண்டும் என்றால் எந்தச் சாதிக் குடும்பமும் பெண்ணை அனுப்பத் தயாராக இல்லை. இந்த இரு சுவர்களையும் முதலில் தாண்டியவர்கள் மிஷன் பள்ளிகளிலும் விடுதிகளிலும் வளர்ந்த பெண்கள். பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர்கள், சிறு வயதிலேயே விதவையானவர்கள், புதிதாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்களின் மகள்கள் என்று அவர்களில் பலர் சமூகம் கைவிட்டவர்கள். அரசாங்கம் நர்ஸ்களைப் பதிவு செய்யும் சட்டம் கொண்டுவருவதற்கு முன்பே மிஷன் மருத்துவமனைகள் தங்களுக்குள் பொதுத் தேர்வு வாரியங்களை அமைத்து, ஒரே தரத்தில் தேர்வு நடத்தின. சென்னை மாகாணம் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டத்தை இயற்றியது 1926இல். அதற்குள் மிஷன் மருத்துவமனைகளிலிருந்து ஒரு தலைமுறையே பயிற்சி முடித்து வெளியே வந்திருந்தது. 'நர்ஸ் என்றால் கிறிஸ்தவப் பெண்' என்று இன்றும் பலர் மனத்தில் இருக்கும் படத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. அந்தப் படத்தில் நமக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை; மற்றவர்கள் தொட மறுத்த நோயாளியை அவர்கள் தொட்டார்கள் என்பதே அதன் பொருள்.

வேலூரின் கதை தமிழர்களுக்குத் தெரிந்த கதை. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், பிரசவத்துக்குப் பெண் டாக்டர் இல்லாமல் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் இறந்ததைப் பார்த்துவிட்டு அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. பெண் டாக்டர்களை உருவாக்க அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது 1918இல் வந்தது. நர்ஸ் பயிற்சிப் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1909இல், டீலியா ஹவுட்டன் என்ற அமெரிக்க நர்ஸின் பொறுப்பில் தொடங்கிவிட்டது. வேலூரில் டாக்டர் படிப்புக்கு முன்பே நர்ஸ் படிப்பு வந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கத்தி எடுக்கிற கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், அறுவை முடிந்த பிறகு அந்த உயிரை இரவு முழுவதும் காத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஸ்கடர் அதை அனுபவத்தில் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

ஆக, 1946இல் வேலூரில் பட்டப் படிப்பு தொடங்கியபோது அதற்குக் கீழே 37 ஆண்டு அனுபவம் இருந்தது. வார்டுகள் இருந்தன. அந்த வார்டுகளில் பழகிய மூத்த நர்ஸ்கள் இருந்தார்கள். பட்டம் மட்டும் புதிது. டெல்லியில் நிலைமை இதற்கு நேர் எதிர். சுதந்திரம் வாசலில் நிற்கிறது; புதிய நாட்டுக்கு நர்சிங் பள்ளிகளை நடத்த ஆசிரியைகள் வேண்டும், மருத்துவமனைகளை நிர்வகிக்க மேட்ரன்கள் வேண்டும், மாநிலம்தோறும் கொள்கை வகுக்க அதிகாரிகள் வேண்டும். மேலிருந்து ஒரு துறையையே கட்டி எழுப்பும் நோக்கத்தோடு தலைநகரில் கல்லூரி வந்தது. முதுநிலைப் படிப்பும் அங்கேதான் முதலில், 1959இல், தொடங்கியது. வேலூர் அதைத் தொடங்க மேலும் பத்து ஆண்டுகள் ஆயின.

இங்கே ஒரு சுவையான குறுக்கு இழை ஓடுகிறது. அரசுக் கல்லூரியான டெல்லியின் முதல் முதல்வர் மார்கரெட்டா கிரெய்க் ஓர் அமெரிக்க மிஷனரி நர்ஸ். கல்லூரி இன்று தாங்கியிருக்கும் பெயருக்குரிய அம்ரித் கவுர், கபூர்தலா அரச குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ராஜா ஹர்னாம் சிங்கின் மகள். காந்தியின் அருகே பல ஆண்டுகள் இருந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர். அரசுக் கல்லூரியின் தொடக்கமே மிஷன் மருத்துவமனையில் உருவான கைகளால் நடந்தது. வேலூரோ, டாக்டர் பயிற்சியில் அரசு பட்டப் படிப்பைத்தான் ஏற்கும் என்று விதிகள் மாறியதால்தான் தன் மருத்துவப் பள்ளியை மாற்றிக்கொண்டது. 1942இல் மருத்துவப் படிப்பை எம்.பி.பி.எஸ். ஆக்கியது; நான்கு ஆண்டு கழித்து நர்சிங்கையும் பட்டமாக்கியது. எனவே மதம் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம் என்று கோடு கிழித்து இந்த இரு கல்லூரிகளையும் நிறுத்த முடியாது. வேறுபாட்டை வேறு இடத்தில் தேட வேண்டும்.

பாடத்திட்டத்தில் தேடினால் கிடைக்காது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947இல் நிறைவேறியது; அந்தக் கவுன்சில் வகுக்கும் பாடத்திட்டம்தான் நாடு முழுவதற்கும். 2021இல் வந்த புதிய விதிகளின்படி எட்டு செமஸ்டர்கள். முதல் செமஸ்டரில் உடற்கூறும் உடலியங்கியலும் சமூகவியலும் உளவியலும்; இரண்டாவதில் உயிர்வேதியியலும் உணவியலும் கணினித் தகவல் முறைகளும்; மூன்றாம் செமஸ்டரில் நுண்ணுயிரியலும் மருந்தியலும் பெரியவர்களுக்கான நோய்ப் பராமரிப்பும். அதன் பிறகு குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம், மகப்பேறு, ஆய்வுமுறை. தடயவியல் நர்சிங்கூட இப்போது பாடம். எட்டாம் செமஸ்டர் முழுவதும் வார்டில் பயிற்சி. வேலூர்ப் பெண்ணும் டெல்லிப் பெண்ணும் படிக்கும் புத்தகம் ஒன்று, எழுதும் நோயாளிப் பராமரிப்புத் திட்டத்தின் (கேர் பிளான்) வடிவமும் ஏறக்குறைய ஒன்று. வெள்ளைச் சீருடையோடு கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கும் விழா இரண்டு இடத்திலும் உண்டு.

இடத்தைப் பாருங்கள், அங்கே வேறுபாடு தெரியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். வகுப்புகளுக்கான வளாகம் ஊருக்குத் தெற்கே பாகாயத்தில், மலைகளின் அடிவாரத்தில், அமைதியாக இருக்கிறது. நர்சிங் கல்லூரியோ ஊருக்கு நடுவே, ஐடா ஸ்கடர் சாலையில், மருத்துவமனையை ஒட்டியே நிற்கிறது. ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடி ரயில் நிலையத்தில் வந்திறங்கி, கையில் பழைய ஸ்கேன் பைகளோடு வரிசையில் நிற்கும் நோயாளிகளைத் தாண்டித்தான் அந்தப் பெண் வகுப்புக்குப் போகிறாள். டெல்லிக் கல்லூரி லஜ்பத் நகரில், மூல்சந்த் அருகே, தனி வளாகத்தில் இருக்கிறது. அதற்கென்று சொந்த மருத்துவமனை கிடையாது. மாணவிகள் பேருந்தேறி சப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா, சுசேதா கிருபளானி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு வார்டு பயிற்சிக்குப் போகிறார்கள்.

இந்தத் தூரத்தை வெறும் போக்குவரத்து விஷயமாக நினைத்துவிடக் கூடாது. மூன்றாம் செமஸ்டரில் இருக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு இன்று ஒரு நோயாளி ஒதுக்கப்பட்டிருக்கிறார். சர்க்கரை நோயால் கால் விரலை எடுத்த ஒரு விவசாயி. காலை ஷிப்ட் தொடங்கும்போது வார்டில் எல்லோரும் நின்று சிறு ஜெபம் செய்கிறார்கள். பிறகு இரவு டியூட்டி பார்த்தவர் ஒவ்வொரு படுக்கையாக ஒப்படைக்கிறார். அவள் படுக்கை விரிக்கிறாள், உடம்பு துடைக்கிறாள், புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்வதை அருகில் நின்று பார்க்கிறாள், இன்சுலின் அளவை இரண்டு முறை சரிபார்க்கிறாள். இதுவரை வேலூருக்கும் டெல்லிக்கும் ஜெபத்தைத் தவிரப் பெரிய வேறுபாடு இல்லை. இப்போது அந்த விவசாயியின் குதிகாலில் படுக்கைப் புண் தொடங்கும் சிவப்பை அவள் கவனிக்கிறாள். யாரிடம் சொல்வாள்? 

வேலூரில் அவளோடு நிற்கும் ஆசிரியை அந்த மருத்துவமனையின் நர்சிங் சேவையிலும் பொறுப்பு வகிப்பவர். கல்லூரியின் பேராசிரியைகளே மருத்துவமனையின் பிரிவுகளுக்கு நர்சிங் தலைமையும் தாங்குவது வேலூரின் நெடுங்கால நடைமுறை. அவள் சொன்ன சொல் அந்தக் கணமே நோயாளியின் பராமரிப்பாக மாறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும் அட்டவணை எழுதப்படும். அடுத்த ஷிப்டுக்குச் சொல்லப்படும். மறுநாள் வகுப்பில் படுக்கைப் புண்ணைப் பற்றிப் பேசும்போது அந்தக் கால் எல்லோருக்கும் நினைவு வரும். டெல்லியில் அவளோடு வரும் ஆசிரியை கல்லூரியைச் சேர்ந்தவர். வார்டு வேறொரு நிர்வாகத்தின் கையில். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஆசிரியை பேசிக் கேட்க வேண்டும். அவரோ ஒரு வார்டில் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு நோயாளிகளை, தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களையும் சேர்த்து, மிகக் குறைந்த ஆட்களோடு சமாளித்துக்கொண்டிருப்பவர். நல்லெண்ணம் இரண்டு பக்கமும் இருக்கும். ஆனாலும் கற்பிக்கிறவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்குக் கற்பிக்க நேரம் இல்லை. வகுப்பில் சொன்ன முறை ஒன்று, வார்டில் நடக்கும் முறை வேறு என்பதை அந்தப் பெண் இரண்டாம் ஆண்டிலேயே புரிந்துகொள்கிறாள். நம் நாட்டு நர்சிங் கல்வியின் ஆறாத புண் இது. பெரும்பாலான கல்லூரிகளில், அரசானாலும் தனியாரானாலும், இதே கதைதான்.

ஆனால் டெல்லி ஏன் மருத்துவமனையிலிருந்து விலகி நின்றது என்று கேட்கத் தவறினால் ஒப்பீடு நியாயமாக இருக்காது. அது திட்டமிட்டுச் செய்த விலகல். பட்டப் படிப்பு வருவதற்கு முன்பு நர்ஸ் பயிற்சிப் பள்ளி என்பது மருத்துவமனைக்குக் குறைந்த செலவில் ஆள் சேர்க்கும் வழியாகவே பல இடங்களில் இருந்தது. பதினேழு வயதுப் பெண் முழு நாளும் வார்டில் உழைப்பாள்; பாடம் களைத்துப்போன மாலையில் நடக்கும்; அவளுக்குக் கிடைப்பது தங்கும் இடமும் சாப்பாடும் சிறு உதவித்தொகையும். மருத்துவமனைக்கு ஆள் குறைந்தால் வகுப்பு ரத்து. மாணவி முதலில் மாணவியாக இருக்க வேண்டும், அவள் நேரம் மருத்துவமனையின் டியூட்டி பட்டியலுக்கு அடகு வைக்கப்படக் கூடாது என்ற உறுதிதான் டெல்லிக் கல்லூரியைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் நகர்த்தியது. அது மிகப் பெரிய முன்னேற்றம். நர்ஸும் ஆய்வு செய்யலாம், அமைச்சகத்தில் ஆலோசகராக உட்காரலாம், உலக அரங்கில் நாட்டின் சார்பில் பேசலாம் என்று நிரூபித்தவர்களில் பலர் அந்தக் கல்லூரியின் வழி வந்தவர்கள். மருத்துவமனைகளின் அதிகாரம் முழுவதும் டாக்டர்களிடமே குவிந்திருந்த நாட்டில் இதற்கு எவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டிருக்கும் என்பதை நர்சிங் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

வேலூருக்கு எதிர்த் திசையில் ஆபத்து இருந்தது. கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே வீடாக இருக்கும்போது மாணவியை வேலையாளாகக் கணக்கிடும் பழைய பழக்கம் எந்த நேரமும் திரும்ப வரலாம். சேவை என்ற பெயரில் அதை நியாயப்படுத்துவதும் எளிது. வேலூர் அதை எப்படித் தடுத்தது என்றால், கற்பிக்கிறவர்களை வார்டின் தலைமையில் வைத்ததன் மூலம்தான். வார்டு நடக்க வேண்டும் என்ற கவலையும் மாணவி கற்க வேண்டும் என்ற கவலையும் ஒரே ஆளின் தலையில் இருந்தால், ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிட அவருக்கு மனம் வராது. இந்த ஏற்பாடு எல்லா நாளும் சரியாக வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரியைகளின் முதுகில் இரட்டைச் சுமை. ஆனால் நர்சிங் கற்பிப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

ஊருக்குள் இறங்கிச் செய்யும் வேலையிலும் இதே வேறுபாடு எதிரொலிக்கிறது. டெல்லிக் கல்லூரிக்கு நகரின் தென்மேற்கு ஓரத்தில் சாவ்லா கிராமத்தில் ஒரு பயிற்சி மையம் உண்டு. மாணவிகள் அங்கே தங்கி வீடு வீடாகப் போய்க் கற்கிறார்கள். வேலூரில் நர்சிங் கல்லூரியே சொந்தமாக ஒரு சமுதாய நலத் திட்டத்தை நடத்துகிறது. சுற்றியுள்ள கிராமங்களிலும் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலும் கர்ப்பிணிப் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை, முதியோர் பராமரிப்பு என்று நர்ஸ்களே முன்னின்று நடத்தும் கிளினிக்குகள் உண்டு. டாக்டர் வரும்வரை கைகட்டி நிற்காமல் தன் அறிவை வைத்து முடிவெடுக்கும் நர்ஸை மாணவி தன் கண்ணால் பார்க்கிறாள். ஒரு பெண் தன் தொழிலில் மரியாதையோடு நிற்க இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

இனி மதத்துக்கு வருவோம். பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையைத் தருகிறது. அதன்படி வேலூர்க் கல்லூரி தானே நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறது. திருச்சபைகளின் பரிந்துரையோடு வரும் மாணவர்களுக்குப் பெரும்பங்கு இடங்கள். அப்படி வருகிறவர்கள் படிப்பு முடிந்ததும் பரிந்துரைத்த சபையின் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் பணிபுரிய ஒப்பந்தம் எழுதித் தருகிறார்கள். டாக்டர்கள் போக மறுக்கும் பழங்குடிப் பகுதிகளில், வட மாநிலங்களின் உட்பகுதிகளில் சிறிய மிஷன் மருத்துவமனைகள் இன்றும் திறந்திருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் நீட் தேர்வு சிறுபான்மை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல், வேலூர்க் கல்லூரி தொடுத்த வழக்கிலேயே தீர்ப்புச் சொன்னது. டெல்லிக் கல்லூரியோ இப்போது நர்சிங்குக்கே நீட் மதிப்பெண்ணை வைத்துப் பெண்களைச் சேர்க்கிறது. பொதுப் போட்டி, இட ஒதுக்கீட்டின் கீழ் நாடெங்கிலுமிருந்து மாணவிகள்.

பொதுப் போட்டி நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டெல்லியின் வகுப்பறையில் இந்தியாவே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் படிப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணை மலைக் கிராமத்து மருத்துவமனைக்கு அனுப்பும் எந்தக் கயிறும் அங்கே இல்லை. அவள் எய்ம்ஸின் நார்செட் தேர்வு எழுதி நர்சிங் ஆபீசர் ஆகலாம், அல்லது வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கலாம். இரண்டும் அவள் உரிமை. ஒரு நாட்டுக்கு இரண்டு வகையான வாயிலும் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கிறிஸ்தவர் அல்லாத மாணவிக்கு ஒரு வார்த்தை. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும், மாணவியின் சம்மதம் இல்லாமல், அவள் மைனராக இருந்தால் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல், அவளை மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சாசனத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. சேப்பலில் பாட்டு கேட்கும், வார்டில் காலை ஜெபம் நடக்கும், ஹாஸ்டலில் இரவு கேட் மூடும் நேரம் கண்டிப்பாக இருக்கும். இவை சில பெண்களுக்கு ஆறுதல், சிலருக்கு மூச்சு முட்டல். சேருவதற்கு முன்பே உங்கள் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். சேர்ந்த பிறகு இதைக் கண்டு வருந்தும் பெண்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நர்சிங்கைப் புனிதமான சேவை என்று மிஷன் மரபு உயர்த்தியது. அந்த உயர்வையே சாக்காக வைத்துச் சம்பளத்தைத் தாழ்த்திய தனியார் மருத்துவமனைகள் நாடெங்கும் உண்டு. 2011, 2012இல் கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரச்சினையை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும், மிகச் சிறிய மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை பல இடங்களில் தாளில்தான் இருக்கிறது. அரசும் இதில் முன்மாதிரி என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்கள் நிரந்தரப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் டெல்லி மரபிலிருந்து மிஷன் மரபு கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. தன் உரிமையை எழுதிக் கேட்கத் தெரிந்த நர்ஸ், நோயாளியை அன்போடு பார்க்கும் நர்ஸுக்கு எதிரி கிடையாது. ஒரே பெண்ணிடம் இரண்டும் இருக்க முடியும், இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். ஒரு தொழிலை நாட்டளவில் நிமிர்த்தி நிறுத்தியதில் டெல்லி முந்துகிறது. ஒரு தனி நோயாளியின் படுக்கை அருகே நிற்கக் கற்றுக்கொடுப்பதில் வேலூர் முந்துகிறது. பட்டப் படிப்பின் நான்கு ஆண்டுகள் படுக்கை அருகே கழிய வேண்டியவை என்பதால், இளநிலைப் படிப்புக்கு வேலூரின் முறையையே நான் தேர்ந்தெடுப்பேன். முதுநிலைக்கும் ஆய்வுக்கும் பல்கலைக்கழகச் சூழல் உள்ள டெல்லி போன்ற இடம் அவளை விரிவாக்கும்.

ஆனால் வேலூரின் பெயரால் கிடைத்த மதிப்பைப் புனிதர் பெயர் தாங்கிய எல்லாக் கல்லூரிகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பெயர்ப்பலகையில் சிலுவை இருப்பதால் மட்டும் அங்கே வேலூரின் முறை இருந்துவிடாது. கல்லூரி தொடங்கக் குறைந்தது 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்று நர்சிங் கவுன்சில் விதி வைத்திருக்கிறது. படுக்கைகள் கணக்கில் இருக்கும். அவற்றில் நோயாளிகள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. 2023இல் வந்த தேசிய நர்சிங், மகப்பேறு பராமரிப்பு ஆணையச் சட்டம் பழைய கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக வந்திருக்கிறது. ஆணையம் முழுதாக இயங்கத் தொடங்கும்போது முதலில் செய்ய வேண்டியது இதைச் சோதிப்பதுதான்.

ஆகவே அட்மிஷனுக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து பணம் கட்டும் முன், அதன் மருத்துவமனைக்குள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். வார்டில் மாணவிகள் இருக்கிறார்களா, அவர்களோடு ஆசிரியை நிற்கிறாரா என்று கவனியுங்கள். 'இந்த வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் மாணவிகளுக்கு வகுப்பும் எடுக்கிறாரா?' என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம், ஆள் குறையும்போது வகுப்பை நிறுத்தி டியூட்டி போடுகிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். சரியான பதில் கிடைத்தால், அந்தக் கல்லூரி எந்த மதத்தினுடையதானாலும், எந்த அரசினுடையதானாலும், உங்கள் மகளைத் தைரியமாகச் சேர்க்கலாம்.